ஓரத்துச் சிப்பாய்

லிஃப்ட் மெக்கானிக் படியேறி ஓடிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷமாகத் தன் கையால் எண்ணெய் போட்டு வளர்த்த லிஃப்ட்டைத் தானே இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நிறுத்திப் பூட்டி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஏழாம் மாடிக்கு ஓடினார். அவருடைய மனைவி நான்காம் மாடிப் படிக்கட்டு வளைவில் காலை பத்து நாற்பதிலிருந்து நகர முடியாமல் நின்றிருந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கை ஆடியது, வாய் பேசியது, இடுப்பு வளைந்தது. கால் மட்டும் இடத்தை விட்டு வரவில்லை. வாட்ச்மேனும் மூன்று வாலிபர்களும் சேர்ந்து தூக்கிப் பார்த்ததில் வாட்ச்மேனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. செருப்பைக் கழற்றினார்கள், செருப்பு வந்தது. கடைசியில் பக்கத்துத் தெருவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனாரை அழைத்து வந்து, அவள் நின்ற தரைக் கல்லைப் பெயர்க்கச் சொன்னார்கள். கல் வந்தது. அவள் கல் இருந்த உயரத்திலேயே, தரைக்கு இரண்டு விரற்கடை மேலே, காற்றில் நின்றாள். கொத்தனார் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிமென்ட் வேலை என்றால் கூப்பிடுங்கள், இது சிமென்ட் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தன்னைத் தாண்டி ஓடிய புருஷனைப் பார்த்து அவள் சொன்னாள்:

"மெதுவாப் போங்க. நீங்களும் எங்கயாவது நின்னுட்டா ரெண்டு பேருக்கும் யாரு சோறு கொண்டுவரது."

மெக்கானிக் ஓடியது ஒரு செஸ் காயைப் பற்றி மன்றாடுவதற்காக. அந்த விவரத்துக்கு ஆறு வருஷம் பின்னால் போக வேண்டும். ஏழாம் மாடியில் படிக்கட்டுக்கு இடப்பக்கம் மூன்றாவது வீட்டில் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறார். கட்டிடத்தில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காலை, கண்ணாடிக்காரரின் மனைவி ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், லிஃப்ட்டில் ஏறிப் போய்விட்டாள். ஏன் போனாள் என்று அவருக்கும் தெரியவில்லை, ஊருக்கும் தெரியவில்லை. அந்த லிஃப்ட் அதற்கு முந்தைய வாரம் முழுக்கப் பழுதாகிக் கிடந்து, அன்று காலை ஆறு மணிக்குத்தான் ஓட ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் தாமதமாகச் சரிசெய்திருந்தால் அவள் ஏழு மாடி பெட்டியோடு இறங்கத் தயங்கியிருப்பாள், தயங்கியிருந்தால் நின்றிருப்பாள் என்பது கண்ணாடிக்காரரின் கணக்கு. ஆகவே குற்றவாளி மெக்கானிக். "உன் லிஃப்ட்தான்யா என் பொண்டாட்டியைக் கொண்டுபோச்சு" என்று ஒருமுறை சொன்னார். அதற்கப்புறம் மெக்கானிக்கோடு பேச்சில்லை, லிஃப்ட்டில் கால் வைப்பதுமில்லை. தினமும் பத்தரை மணிக்குத் தேய்த்து முடித்த கண்ணாடிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு படியிறங்கிக் கடைகளுக்குப் போவார். தங்கச்சி நான்காம் மாடி வளைவில் நின்று அவரோடு ஐந்து நிமிஷம் பேசுவாள். புருஷன் விட்ட உறவை அவள் பிடித்துவைத்திருக்கிறாள், பாவம் என்று கட்டிடம் மெச்சியது. ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அந்த வளைவுக்கு வரத் தவறியதில்லை. காய்ச்சலில்கூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள்.

மெக்கானிக்குக் கோபம் நிலைக்காத சுபாவம். நான்கு வருஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் லிஃப்ட்டின் உள்சுவரில் சின்னப் பலகை ஒன்றைத் திருகி, அதன்மேல் காந்தம் வைத்த செஸ் போர்டை மாட்டி, வெள்ளைச் சிப்பாய் ஒன்றை இரண்டு கட்டம் முன்னால் வைத்துவிட்டு வந்துவிட்டார். மச்சானோடு கல்யாணமான புதிதில் தினம் ஆடிய ஆட்டம் அது. யாரும் தொடக் கூடாது என்று எழுதிவைக்கவில்லை, இருந்தும் யாரும் தொடவில்லை. ஒன்பதாவது நாள் கறுப்பில் ஒரு சிப்பாய் நகர்ந்திருந்தது. மெக்கானிக் லிஃப்ட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, ஐந்தாம் மாடி வக்கீல் குமாஸ்தா கதவைத் தட்டித் தட்டிக் களைத்துப் படியில் போகும்வரை, அந்தச் சிப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து காய் நகர்த்திவிட்டுப் போகிறார், வறட்டுப் பிடிவாதத்துக்கும் ஒரு சந்து வேண்டாமா என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். இப்படி இரண்டு வருஷம் போயிற்று. முதல் வருஷம் காய்கள் மளமளவென்று இடம் பிடித்தன. பிறகு ஆட்டம் அடங்கிவிட்டது. கடைசி ஏழு மாதம் ஒரு காய் வெட்டுப்படவில்லை. இவர் யானையை ஒரு கட்டம் நகர்த்துவார், அங்கே ராணி ஒரு கட்டம் நகரும். மழைநாளில் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் நாற்காலியை இங்கும் அங்கும் இழுத்துப் போடுவார்களே, அப்படி. லிஃப்ட்டில் போகிற வருகிற செஸ் தெரிந்தவர்கள் எல்லோரும் சமம்தான், கைகொடுத்துவிட்டு எழுந்திருங்கள் என்றார்கள். கறுப்பு பிஷப் ஒன்று மட்டும் தூரத்திலிருந்து குறுக்காக, வெள்ளை ராஜாவுக்கு முன்னால் நின்ற மூன்று சிப்பாய்களில் உட்புறத்துச் சிப்பாயைப் பார்த்துக்கொண்டு ஏழு மாதமாக அதே கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. பார்த்தால் பார்த்துக்கொண்டு போகட்டும் என்று மெக்கானிக் விட்டுவிட்டார்.

அவரைத் தின்றது வேறொன்று. அந்த ராஜா மூலையை ஒட்டி, முன்னால் மூன்று சிப்பாய்கள் சுவர் வைத்தது போல நிற்க, வெளியே போக வழியில்லாமல் இருந்தார். மெக்கானிக் எந்த லிஃப்ட்டில் ஏறினாலும் முதலில் அண்ணாந்து கூரையில் அவசரக் கதவு இருக்கிறதா என்று பார்ப்பார், இல்லாவிட்டால் தூக்கம் வராது. ஏழு மாதம் அந்த ராஜாவைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மூச்சு முட்டியது. அன்று காலை எட்டு மணிக்கு, தாங்க முடியாமல், ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளி ராஜாவுக்கு ஒரு கதவு திறந்துவிட்டார். மனசு குளிர்ந்து வேலைக்குப் போனார். பத்து நாற்பத்தைந்துக்கு வாட்ச்மேன் போன் செய்து, அம்மா நான்காம் மாடியில் நிற்கிறார்கள், வரமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்ல, ஓடிவந்து லிஃப்ட்டுக்குள் நுழைந்தவர் போர்டைப் பார்த்தார். கறுப்பு ராணி அவருடைய சிப்பாய்ச் சுவரின் நடுச் சிப்பாய்க்கு நேர் எதிரில், மூக்குக்கு மூக்கு, தனியாக வந்து நின்றது. கையை நீட்டி எடுத்துப் போட வேண்டியதுதான். ஆனால் சிப்பாய் குறுக்காகத்தான் வெட்டும். ஓரத்துச் சிப்பாய் காலையில் இருந்த இடத்தில் இருந்திருந்தால் எடுத்திருக்கும். அது ஒரு கட்டம் தாண்டிப் போய்விட்டது. மிச்சம் உட்புறத்துச் சிப்பாய். அதைத் தூக்கப் போனார், வரவில்லை. குழந்தை ஊதினால் விழுகிற காந்தம். ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினார், ஸ்குரூடிரைவர் வளைந்தது. அப்போதுதான் தூரத்து பிஷப்பின் குறுக்குக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்து பார்த்தார். சிப்பாய் விலகினால் பின்னால் ராஜா அடிபடுவார். அதனால் சிப்பாய் நகரக் கூடாது. ஏழு மாதமாகவே அது கட்டிப்போட்ட காய்தான், யாரும் அதை நகர்த்த நினைக்காததால் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த நகர்த்தலில் ராணி சுவரை உடைத்து உள்ளே வந்தால், துணைக்குக் குதிரை நிற்கிறது, ஆட்டம் முடிந்தது. போர்டில் ஆட்டம் முடிந்தால் மேலே நிற்கிறவளுக்கு என்ன ஆகும் என்று அவர் யோசித்தார். யாரும் போர்டை நெருங்கக் கூடாதென்று லிஃப்ட்டைப் பாதியில் நிறுத்திப் பூட்டினார். ஓடினார்.

கண்ணாடிக்காரர் அன்று ஓர் அவசர லென்ஸுக்காக வழக்கமான நேரத்துக்கு இறங்காமல் பட்டறை நாற்காலியிலேயே இருந்தார். ஆறு வருஷத்துக்கு அப்புறம் வாசலில் வந்து மூச்சிரைக்க நின்ற தங்கச்சி புருஷனைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மச்சான், அந்த பிஷப்பை மட்டும் எடுத்துடுங்க. ஆட்டம் உங்களுது. நான் தோத்துட்டேன்னு எழுதிக் குடுக்கறேன்."

"எந்த பிஷப்பு?"

"விளையாடாதீங்க மச்சான். உங்க தங்கச்சி நாலாவது மாடியில காத்துல நிக்கறா."

"மாப்பிள்ளை, உன் டப்பாக்குள்ள நான் ஏறி ஆறு வருஷமாச்சு. அதுக்குள்ள செஸ் போர்டு இருக்கறதே இப்ப நீ சொல்லித்தான் தெரியுது."

மெக்கானிக் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அப்படியானால் இரண்டு வருஷமாக, இருநூறு நகர்த்தலுக்கு மேல், யாரோடு ஆடினோம். சமாதானமாகிவிட்டது என்று ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மகிழ்ந்ததை வேறு எங்கே போய்ச் சொல்வது. கண்ணாடிக்காரர் அதற்குள் லென்ஸைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு எழுந்து, தங்கச்சியைப் பார்க்க இறங்கிப் போயிருந்தார்.

வளைவில் கூட்டம் கூடியிருந்தது. மெக்கானிக் மனைவி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யாரோ கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள், பாதங்கள் மட்டும் தரையைத் தொடாமல் இருந்தன. அண்ணனைக் கண்டதும் முகம் மாறியது. கால் மரத்துப்போயிருக்கிறது, சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும், எல்லோரும் அவரவர் வேலையைப் பாருங்கள் என்றாள். மெக்கானிக் போர்டில் நடந்ததை எடுத்துச் சொல்லி, அவள் அந்தச் சிப்பாயின் இடத்தில் நிற்கிறாள் என்று விளக்கினார்.

"இத்தனை பேரு நடுவுல ராணின்னு சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?"

"ராணி வந்து அடிக்கற காய்டீ. நீ மறைக்கற காய். உனக்குப் பின்னாடி யாரோ இருக்காங்க."

யாரோ என்று வாயால் சொன்னாரே தவிர, அது தான்தான் என்பதில் மெக்கானிக்குச் சந்தேகமில்லை. பெண்டாட்டி புருஷனைக் காக்காமல் யாரைக் காப்பாள். ராஜா பிஷப்பின் பார்வையை விட்டு விலகினால் சிப்பாய் விடுபடும் என்பது சட்டம். ஆகவே அவர் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தார், தரைத்தளத்து மோட்டார் அறைக்கு இறங்கிப் பார்த்தார், தெருமுனைவரை நடந்து திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மேலேயிருந்து வாட்ச்மேன், இல்லை சார், அம்மா அங்கேயேதான் என்று குரல் கொடுத்தான். அடுத்த தெருவுக்கும் போனார். அவள் அசையவில்லை. அவளுக்குப் பின்னால் இருப்பது தான் இல்லை என்று புரிந்தபோது அவருக்கு ஒரு பக்கம் பயமாகவும் ஒரு பக்கம் சுருக்கென்றும் இருந்தது. பிறகு மேலும் கீழும் தேட ஆரம்பித்தார். அவள் தலைக்கு நேர்மேலே இருந்த வீடுகள், காலுக்கு நேர்கீழே இருந்த வீடுகள், ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டி, கட்டிலுக்கடியில்கூடக் குனிந்து பார்த்தார். வக்கீல் குமாஸ்தா, வாரண்ட் இருக்கிறதா என்று கேட்டார். பத்தொன்பது வருஷம் செங்குத்தாகவே பார்த்துப் பழகிய கண். பிஷப் குறுக்கே போகிற காய் என்பது காலையில் ஒருமுறை தெரிந்து, மறுபடி மறந்துவிட்டது.

கண்ணாடிக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையே குறுக்குக் கோடுதான். சாய்ந்த பார்வைக்காரர்களுக்கு லென்ஸை எத்தனை டிகிரியில் திருப்பி வைக்க வேண்டும் என்று பார்ப்பவர். "அந்தக் காய் எங்கேருந்து பாக்குது, எத்தனை கட்டம்?" என்று கேட்டார். மூன்று கட்டம் தள்ளி, மூன்று கட்டம் மேலே என்றார் மெக்கானிக். கண்ணாடிக்காரர் தான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த நாற்காலியை நினைத்துப் பார்த்தார். ஏழாம் மாடி, இடப்பக்கம் மூன்றாவது வீடு. தங்கச்சி நான்காம் மாடி, படிக்கட்டு. மூன்று மாடி, மூன்று வீடு, சரியாக நாற்பத்தைந்து டிகிரி. அவருடைய நாற்காலிதான் அந்த பிஷப். அவர் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போய் ஆறாம் மாடியில் ஒரு வீட்டுச் சுவரிலும் ஐந்தாம் மாடியில் ஒரு வீட்டுச் சுவரிலும் கோடு போட்டார். கோடு வளைவில் தங்கச்சியின் நெஞ்சுக்கு வந்தது. சிப்பாய்க்குப் பின்னால் ராஜா எத்தனை கட்டம் என்று கேட்டார். ஒன்றுதான், ஒட்டினாற்போல என்றார் மெக்கானிக். ஒரு மாடி கீழே, ஒரு வீடு வலப்பக்கம். மூன்றாம் மாடியில் படிக்கட்டை ஒட்டிய வலப்பக்கத்து வீடு வெளிநாட்டில் இருக்கும் ஒருவருடையது. பூட்டிக் கிடக்கிறது. மாதம் ஒருமுறை பெருக்கித் துடைக்கச் சாவி மெக்கானிக் மனைவியிடம் இருக்கிறது. இது கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"அண்ணே," என்றாள் அவள். ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். "அந்தக் கதவைத் தட்டாதே."

"யாரு உள்ள?"

"கேக்காதே. என் மேல ஆணையா கேக்காதே. நான் இப்படியே நின்னுக்கறேன், எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை."

கண்ணாடிக்காரர் இறங்கினார். பின்னாலேயே மெக்கானிக், மெக்கானிக்குப் பின்னால் கட்டிடம். மேலே அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது, கால் வரவில்லை. கதவில் வெளிநாட்டுக்காரரின் பெயர்ப்பலகை தொங்கியது. கண்ணாடிக்காரர் தட்டக் கையை ஓங்கியபோது கதவு உள்ளேயிருந்து திறந்தது. தோளில் நூல் துணுக்குகள் ஒட்டியிருக்க, பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறு வருஷத்துக்கு முன் போன அவருடைய மனைவி நின்றாள். உள்ளே அறை நிறையச் சட்டைகள், காஜா எடுத்தவை ஒரு பக்கம், எடுக்காதவை ஒரு பக்கம். லிஃப்ட் அன்று அவளை ஏழாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்குத்தான் கொண்டுபோயிருந்தது. நாத்தனாரும் அண்ணியும் ஒத்துப்போக மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கூட்டத்தில் நான்கைந்து பேர் இருந்தார்கள், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஆறு வருஷம் நாத்தனார் துணி மூட்டையை வாங்கிவந்து கொடுத்து, தைத்ததைக் கொண்டுபோய்ச் சேர்த்து, தினம் பத்தரைக்கு அண்ணனை வளைவில் நிறுத்திப் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். அந்த ஐந்து நிமிஷத்தில் அண்ணி லிஃப்ட்டில் இறங்கி வெளிக்காற்று வாங்கப் போவாள்.

கண்ணாடிக்காரரின் வலது கை, பழக்கத்தில், அவள் தோளை நோக்கிப் போயிற்று. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அவர் அதை இறக்கி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் அவரைத் தாண்டி நடந்து படியேறினாள். நான்காவது படியில் அவள் கால் வைத்தபோது மேலே மெக்கானிக் மனைவி காற்றிலிருந்து கீழே இறங்கினாள். இரண்டு விரற்கடைதான், ஆனால் சத்தம் கேட்டது. இறங்கியவள் முதல் வேலையாக அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏன் அண்ணி வெளிய வந்தீங்க? நான்தான் நின்னுட்டிருந்தேன்ல?"

"ஆறு வருஷமா நிக்கறே. போதும், உன் வீட்டு வேலையைப் பாருன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன். கேட்டியா நீ?" பிறகு மெக்கானிக்கைப் பார்த்தாள். "தம்பி, நீங்க அந்த ஓரத்துச் சிப்பாயைத் தொடுவீங்கன்னு ஏழு மாசமா காத்துட்டிருக்கேன். இன்னிக்குத்தான் தொட்டீங்க."

 "அக்கா, நல்ல ஆட்டம்" என்றார் மெக்கானிக். சாவியை எடுத்து லிஃப்ட்டை இறக்கிவிட்டார். எல்லோரும் பார்க்க அண்ணி உள்ளே போய் ராணியால் சுவரை உடைத்து ஆட்டத்தை முடித்தாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வாட்ச்மேனுக்கு மட்டும் முதுகு ஒரு வாரம் வலித்தது.

அவள் ஏழாம் மாடிக்குத் திரும்பவில்லை, ஊரைவிட்டும் போகவில்லை. வெளிநாட்டுக்காரருக்கு விஷயத்தை எழுத, அவர் வாடகைக்கே விட்டுவிட்டார். கதவில் பெயர்ப்பலகை மாறியது. லிஃப்ட்டில் புது ஆட்டம் ஆரம்பித்து, இந்த முறை மெக்கானிக் கறுப்பு. கூரைக் கதவைப் பற்றி யோசிப்பதைக் குறைத்திருக்கிறார், ஆனாலும் தோற்கிறார். பெயர்த்த கல்லைத் திரும்பப் பதிக்கவில்லை, தேவைப்படவில்லை. நான்காம் மாடி வளைவில் யார் கால் வைத்தாலும் இரண்டு விரற்கடை மேலேயே நடந்து போகிறார்கள், புதிதாகக் குடி வருகிறவர்கள் இரண்டு நாள் தடுமாறிப் பழகிக்கொள்கிறார்கள். கண்ணாடிக்காரர் சாயங்காலங்களில் நான்கு மாடி படியிறங்கி அவள் வீட்டுக்கு வருவார். அவள் காட்டுகிற இடத்தில் உட்காருவார். மேசைமேல் கத்தரிக்கோல் கோணலாகக் கிடந்தால் அவர் விரல்கள் துடிக்கும், தொட மாட்டார். ஒரு வருஷம் இப்படி வந்துபோன பிறகு ஒருநாள், மெக்கானிக்கும் அவர் மனைவியும் கூட இருக்கும்போது, ஏன் போனாய் என்று கேட்டார். கட்டிடம் அதற்குள் பதினெட்டுக் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தது, ஒன்றும் சரியில்லை. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்குக் காலையில நீங்க விளக்குக்குக் கீழ ஒரு லென்ஸைப் பாத்துட்டிருந்தீங்க. உங்களுக்கு டீ கொண்டுவந்தேன், வெளிச்சத்தை மறைச்சுட்டேன் போல. நீங்க ஒண்ணும் சொல்லல. நிமிர்ந்துகூடப் பாக்கல. என் ரெண்டு தோளையும் பிடிச்சு, ஒரு முழம் இடப்பக்கமா தள்ளி வச்சுட்டு, வேலையைப் பாத்தீங்க. சொல்லியிருந்தா நானே நகர்ந்திருப்பேன்."